எலி 14 விழுக்காடு கூடுதலாக வாழ்ந்ததா?

நெய்தல்: மூப்பைத் திருப்பும் ஆய்வுக்கான பணம் முழுவதும், முதிர்ந்த செல்லை இளமை நிலைக்குத் திருப்பும் செல் மறுநிரலாக்கத்துக்கே போகவேண்டும், உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தான ராபமைசின் போன்ற பழைய மாத்திரைகளில் அதைக் கரைக்கக்கூடாது என்று பொறுமைசாலி எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்கள் ஒரே சமயத்தில் நடத்தி 2009இல் வெளியிட்ட சோதனையில், 600 நாள் வயதான, அதாவது மனிதக் கணக்கில் ஏறத்தாழ அறுபதை எட்டிய எலிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்தபோது, பெண் எலிகள் 14 விழுக்காடும் ஆண் எலிகள் 9 விழுக்காடும் கூடுதலாக வாழ்ந்தன.

பொறுமைசாலி: கூடுதலாக வாழ்ந்தன என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். அந்த 14, நூற்றுக்குத் தொண்ணூறு எலிகள் இறந்து முடிந்த வயதை வைத்துக் கணக்கிட்டது. பாதி எலிகள் இறந்த வயதை, அதாவது நடுவாயுளை வைத்து அல்ல. செல்லை மறுநிரலாக்கும் என்று ஜப்பானிய அறிவியலாளர் யமனாகா 2006இல் காட்டிய நான்கு காரணிகளில் மூன்றைக் கொண்டு, 2020இல் எலியின் நசுங்கிய பார்வை நரம்பையே மீண்டும் வளரவைத்தார்கள். திருப்புவது என்றால் அதுதான்.

நெய்தல்: நான்காவதை ஏன் விட்டார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாமே? அது புற்றுநோயைத் தூண்டக்கூடியது. தொண்ணூறு எலி செத்த வயது தள்ளிப்போனது என்றால் கிழ எலிகள் நீடித்து வாழ்ந்தன என்றுதானே பொருள்? 14 என்பது 14தான்.

கணக்குப்பிள்ளை: 600 நாளில் தொடங்கியதே திட்டமிட்ட செயல் அன்று. மருந்து தீவனத்தில் நிலைக்காமல் சிதைந்ததால், அதை நுண்ணுறைகளில் அடைக்கும் வழி கண்டுபிடிப்பதற்குள் எலிகளுக்கு வயதாகிவிட்டது.

நெய்தல்: தாமதமாகக் கொடுத்தும் பலித்தது என்பது என் கட்சிக்குத்தானே வலு? கணக்குப்பிள்ளை யார் பக்கம் என்று தெரிந்துகொண்டு எழுதினால் நல்லது.

பொறுமைசாலி: சென்ற ஆண்டு நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினுக்காக இங்கே மல்லுக்கட்டியவரும் நீங்கள்தான். அதே மூன்று ஆய்வகங்கள் அதைத் தனியாகக் கொடுத்தபோது எலியின் ஆயுள் சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை என்று நான் காட்டியதும், எலி மனிதனல்ல என்றீர்கள். இப்போது எலி மனிதனாகிவிட்டதா?

நெய்தல்: பழைய கணக்கைத் தீர்க்க வந்தவரிடம் என்ன பேசுவது? 2014இல் வெளியான சோதனையில் ராபமைசின் அளவைக் கூட்டிக் கொடுத்தபோது, நீங்கள் ஏங்கும் அதே நடுவாயுள் பெண் எலிகளில் 26, ஆண்களில் 23 விழுக்காடு உயர்ந்தது. வாய்ப்புண், கொழுப்பு உயர்வு ஆகிய பக்கவிளைவுகளைச் சொல்லி மிரட்டவேண்டாம். சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு 1999இலேயே ஒப்புதல் பெற்ற மருந்து இது. மறுநிரலாக்கம் செய்துகொண்ட கிழவர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.

பொறுமைசாலி: 26 இருக்கட்டும். முதலில் சொன்ன 14 எந்த வயதை வைத்து என்று உங்கள் வாயால் எழுதுங்கள்.

நெய்தல்: எழுதியாயிற்று. 14.