கைப்பேசி இணைப்புக்காகப் பழகிய கார் நிறுவனத்தை விட்டு மாறலாமா?

கேள்வி – பசுந்தேயிலை (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியில் (படகர் சிற்றூரில்) சிறு தேயிலை விவசாயியாக இருக்கிறேன். 1998 முதல் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்று கார்களும் ஒரே நிறுவனத்துடையவை. அப்பா தொடங்கிய வழக்கத்தை நானும் மாற்றவில்லை. எங்கள் மெக்கானிக் அந்த நிறுவனத்தின் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார், கிடைக்காத உதிரி பாகமும் மறுநாளே மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் வந்துவிடும் என்பவற்றைத் தவிர அதற்கு வேறு பெரிய காரணம் கிடையாது.

இப்போது நான்காவது கார் வாங்க வேண்டும். கோவையில் வேலை பார்க்கும் என் மகள், கைப்பேசியில் இருப்பது கார்த்திரையில் வந்தே ஆக வேண்டும் என்கிறாள். எங்கள் நிறுவனத்தில் என் கைக்கு எட்டும் மாடலில் வெறும் ரேடியோவும் புளூடூத்தும்தான். தொடுதிரை வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்து மேல் மாடலுக்குப் போக வேண்டும். போட்டி நிறுவனமோ அதே விலைக்குள் திரையைத் தந்துவிடுகிறது. அவர்களுடைய ஷோரூமில் விற்பனையாளர் எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே என் கைப்பேசியை வாங்கி இணைத்தார். நான் கேட்கும் பாட்டும், நான் தினமும் பேசும் ஆட்களின் பெயர்களும், எங்கள் ஹட்டிக்கு வரும் வழியும் அந்தத் திரையில் தெரிந்ததும், முன்பின் ஓட்டியிராத ஒரு வண்டி சொந்த வண்டி போலத் தோன்றிவிட்டது. அதுதான் எனக்குச் சற்று அச்சமாகவும் இருக்கிறது.

இதற்காக நிறுவனத்தை மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? சிக்னல் வந்து வந்து போகும் நம் சாலைகளில் இதற்கு என்ன பயன்?

பதில் 1 – சேரிங்கிராஸ் (உதகை)

ஐயா, நான் கார் ஆக்சசரீஸ் கடை வைத்திருப்பவன். திரை விற்பதும் என் பிழைப்பு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஷோரூமில் நீங்கள் வியந்தது பெரும்பாலும் உங்கள் கைப்பேசியைத்தான். கைப்பேசியில் இருப்பதைக் கார்த்திரையில் கொண்டுவரும் கூகுளின் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிளின் கார்பிளே இரண்டும் 2014இல் அறிவிக்கப்பட்டவை. இரண்டிலும் கணக்குப் போடுவது கைப்பேசி. காரின் திரை அதைக் காட்டுகிறது, நம் விரல் தொட்ட இடத்தைத் திருப்பிச் சொல்கிறது. ஆகவே 7 லட்சம் ரூபாய் காரிலும் 70 லட்சம் ரூபாய் காரிலும் தெரியும் முகம் ஏறக்குறைய ஒன்றே. எந்த நிறுவனத்துக்குப் போனாலும் பழகிய இடத்தில் பழகிய பொத்தான் இருக்கும் என்றால், நிறுவனம் மாறுவதில் முன்பிருந்த தயக்கம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. என் கடைக்கு வருபவர்கள் கைப்பேசியை மாற்றத்தான் யோசிக்கிறார்கள். காரை மாற்ற அவ்வளவு யோசிப்பதில்லை.

கார் நிறுவனங்களுக்கு இது தெரியாமல் இல்லை. பிஎம்டபிள்யூ அமெரிக்காவில் கார்பிளேவுக்கு ஆண்டுக்கு 80 டாலர் சந்தா வாங்கிப் பார்த்தது. முணுமுணுப்பு அதிகமானதும் 2019 இறுதியில் கைவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 2023இல், இனி வரும் தன் மின்சாரக் கார்களில் இவ்விரண்டும் இருக்காது, சொந்த மென்பொருள்தான் இருக்கும் என்று அறிவித்தது. வாடிக்கையாளரின் தரவும் சந்தாப் பணமும் கைப்பேசி நிறுவனத்திடம் போய்விடக் கூடாது என்பது அதன் ஒரு கணக்கு. (அந்நிறுவனம் 2017இலேயே இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டதால் நமக்கு அந்தக் கவலை இல்லை.) இன்னொரு பக்கம், அமெரிக்காவில் கார் வாங்குவோரில் 79 விழுக்காட்டினர் கார்பிளே உள்ள வண்டியைத்தான் பரிசீலிப்பார்கள் என்று ஆப்பிள் 2022இல் சொன்னது. விற்பவரே சொன்ன எண் என்பதால் சற்றுக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் காற்று அடிக்கும் திசை அதுதான்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர், கியா செல்டாஸ் ஆகியவற்றுடன் பரவலானது வேறொரு வகை இணைப்பு. அதில் காருக்குள்ளேயே ஒரு சிம் இருக்கும். கார் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது, சர்வீஸ் நாளை நினைவூட்டுவது எல்லாம் நிறுவனத்தின் சொந்தச் செயலி வழியாக நடக்கும். முதல் வகை உங்களைக் கைப்பேசியோடு கட்டுகிறது. இந்த வகை உங்களை நிறுவனத்தோடு கட்டப் பார்க்கிறது. பெரும்பாலும் சில ஆண்டுகள் இலவசம், பிறகு சந்தா. உங்கள் ஹட்டியில் ஒரு நெட்வொர்க் எடுக்காவிட்டால் கைப்பேசியின் சிம்மை மாற்றிவிடலாம், காரின் சிம்மை அப்படி மாற்ற முடியாது. அமெரிக்காவில் 2022இல் 3ஜி சேவையை நிறுத்தியபோது, பழைய கார்கள் பலவற்றில் இத்தகைய வசதிகள் ஒரே நாளில் செத்துப்போயின. முதல் வகைக்குக் காசு கொடுங்கள். இரண்டாம் வகைக்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மூன்றாவது வழியும் உண்டு. உங்கள் பழைய நிறுவனத்தின் கீழ் மாடலையே வாங்கி, வெளியில் திரை போட்டுக்கொள்ளலாம். அந்த ஒரு லட்சத்தில் சிறு பங்குதான் ஆகும். வயரை வெட்டி ஒட்டாமல், கப்ளரோடு கப்ளர் (வயர் முனையில் உள்ள இணைப்பான்) பொருந்தும்படி போடச் சொல்லுங்கள். வயரை வெட்டினால் வாரண்டிக்கு வம்பு வரும்.

பதில் 2 – கொண்டைஊசி (கூடலூர்)

சுற்றுலா டாக்சி ஓட்டுகிறேன். சிக்னல் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இருக்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்குச் சிம் தேவையில்லை. வீட்டில் வைஃபை இருக்கும்போதே நீலகிரி, கோவை வரைபடங்களைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், சிக்னலே இல்லாத இடத்திலும் திரையில் வழி தெரியும். ஆனால் நெரிசல் தெரியாது, மண்சரிவு தெரியாது.

வரைபடத்தை நம்பி நிறுவனத்தை மாற்றுவது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. உதகையிலிருந்து மசினகுடிக்கு அது கல்லட்டி வழியைக் குறுக்குவழியாகக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் இறங்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. 2024 ஜனவரியில் எங்கள் கூடலூரில், வரைபடம் காட்டிய வழியை நம்பி வெளியூர்ப் பயணிகள் படிக்கட்டில் காரை இறக்கிச் சிக்கிக்கொண்டது செய்தியாகவே வந்தது. அடுத்த வண்டியிலும் நான் முதலில் பார்க்கப்போவது கிளட்ச், பிரேக், மைலேஜ் ஆகியவற்றைத்தான். ஆனாலும், திரை இல்லாத வண்டி என்றால் சவாரிக்கு வருபவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பதையும் மறைக்க மாட்டேன்.

பதில் 3 – லாஸ்ஃபால்ஸ் (குன்னூர்)

நான் நிறுவனத்தை மாற்றியவள். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் காரணத்துக்காக அல்ல. என் முந்தைய கார் எஞ்சினில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதன் திரைதான் இரண்டாம் ஆண்டிலிருந்து பாதி வழியில் உறைந்து நிற்கத் தொடங்கியது. இங்குள்ள பணிமனையில் எண்ணெய் மாற்றுவார்கள், பிரேக் பார்ப்பார்கள். மென்பொருள் என்றால் கீழே கோவைக்குத்தான் அனுப்புவார்கள். பள்ளிக்கு விடுப்புப் போட்டு மூன்று முறை மலையிறங்கினேன். மூன்றாம் முறை திரும்பி வரும்போது, பர்லியாறு தாண்டுவதற்குள் திரை மறுபடியும் கருத்துவிட்டது; இந்த நிறுவனத்தில் இனி வாங்குவதில்லை என்று அந்த வளைவிலேயே முடிவு செய்தேன். எட்டு ஆண்டு நம்பிக்கையை எஞ்சின் காப்பாற்றித் தந்தது, திரை கெடுத்தது.

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, திரை இருக்கிறதா என்பதைவிட, அது பழுதானால் யார் எங்கே பார்ப்பார்கள் என்பதாக இருக்கட்டும். இன்னொன்று: நவம்பர், டிசம்பரில் லவ்டேல் பக்கம் மூடுபனி இறங்கும்போது கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சில கார்களில் அதையும் திரைக்குள் ஒளித்துவிட்டார்கள். கையுறையோடு, கண்ணைச் சாலையிலிருந்து எடுத்து, மூன்று முறை தொட்டால்தான் அது கிடைக்கும். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இல்லாத கார்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. கைப்பேசி இணைப்பு எனக்கும் பிடிக்கும். அது ஒரு திருகுகுமிழின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருவதுதான் பிடிக்காது.

பசுந்தேயிலை (கோத்தகிரி)

மூவருக்கும் நன்றி. பழைய நிறுவனத்தின் கீழ் மாடலில் வெளித்திரை போடும் யோசனையை மகளிடம் சொன்னேன். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாலும் மறுக்கவில்லை. போட்டி நிறுவனத்தின் காரையும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்கக் கேட்டிருக்கிறேன். ஷோரூம் வாசலில் சுற்றிக் காட்டுவது வேண்டாம், அரவேணு வழியாகக் குஞ்சப்பனை வரை போய்த் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கம்பியில்லாமல் இணைப்பது நல்லதா, கேபிள் நல்லதா?

சேரிங்கிராஸ் (உதகை)

கேபிள்தான். கம்பியில்லாமல் இணைத்தால் கைப்பேசி சூடாகும். மலைப்பாதையில் அது சிக்னலையும் தேடிக்கொண்டே இருப்பதால் பேட்டரி விரைவில் இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கேபிளையே கொண்டு போங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிளாக இருந்தால் திரையில் ஒன்றும் வராது. காரில்தான் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.