தங்குமிட ஆய்வுக்குப் போனவர்களே, களத்தில் உங்களைத் திருப்பிக் கேட்டவர்கள் யார்?

அலைவாய்க்கரை:

பேரிடர், போர் இவற்றுக்குப் பிறகான தங்குமிடங்களை ஆராய ஃபெல்லோஷிப் கிடைத்துப் புறப்படும் தம்பி தங்கைகள் எல்லாரும் "என்ன படிக்கலாம், என்ன கருவி எடுத்துப் போகலாம்" என்றே கேட்கிறார்கள். பேரிடர் உதவிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்ஃபியர் கையேட்டை யாரும் சொல்லாமலே படித்துவிடுவீர்கள். களத்தில் நம்மை உட்காரவைத்துத் திருப்பிக் கேட்டவர்களைப் பற்றி இங்கே பேசலாமா? நான் தொடங்குகிறேன்.

கட்டடக்கலை படித்தவன் நான். சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்ட மீனவ ஊர்களில் கட்டிக்கொடுத்த வீடுகள் பல வருடம் கழித்து எப்படி இருக்கின்றன என்பதுதான் ஆய்வு. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அங்கே முதலில் வந்தது தார் அட்டைக் கொட்டகை. வெயிலில் உள்ளே உட்கார முடியாது, மழையில் தரையெல்லாம் தண்ணீர். அப்புறம் சுமார் 325 சதுர அடியில், ஒன்றரை லட்ச ரூபாய் கணக்கில் கான்கிரீட் வீடு. கடல் ஏறும் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் புது வீட்டுக்கு உதவி கிடையாது என்றதால் பல ஊர்கள் உள்ளே தள்ளிப் போயின. மனையைச் சமப்படுத்துகிறோம் என்று சில இடங்களில் இருந்த மரங்களையும் வெட்டிவிட்டார்கள். வீட்டுக்குள் எவ்வளவு சூடு என்று அளக்க வெப்பப் பதிவுக் கருவிகளோடு போய் இறங்கினேன்.

ஒரு பாட்டி ஒப்புதல் படிவத்தை முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "தம்பி, உனக்கு முன்னாடி வந்தவங்களும் இப்படித்தான் தாள் வச்சிருந்தாங்க. அவங்க எங்க ஊரப் பத்தி என்ன எழுதுனாங்க? அத மொதல்ல சொல்லு, அப்பறம் நீ கேளு" என்றார். அந்தக் கடற்கரையைப் பற்றி ஆய்வுகளுக்குப் பஞ்சமே இல்லை. கிட்டத்தட்ட எல்லாம் ஆங்கிலத்தில். மரம் வெட்டியது, நன்றாக இருந்த பழைய வீட்டையும் இடிக்க வைத்தது பற்றியெல்லாம் எழுதியிருக்கிறார்கள் பாட்டி என்றேன். "எழுதிட்டாங்களா? அப்ப ஏன் யாரும் மரம் வக்கல?"

அதற்கப்புறம்தான் வீட்டைக் காட்டினார். வாசலை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். படுப்பது, வலை பின்னுவது, விருந்தாளியை உட்காரவைப்பது எல்லாம் அங்கேதான். கான்கிரீட் அறையில் பீரோ, ரேஷன் மூட்டை, புயல் வந்தால் மனிதர்கள். சூட்டுப் பிரச்சினைக்கு அவர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள், அதை யாரும் வீட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. கருவிகளில் பாதியை நான் கொட்டகைக்கு மாற்றினேன். ஆய்வின் முக்கால்வாசி அங்கிருந்துதான் வந்தது.

முடிவுகளைத் தமிழில் அச்சடித்து ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னால் படித்துக் காட்டினேன். ஃபெல்லோஷிப்பில் வெளிநாட்டுக் கருத்தரங்குக்கு விமானச் சீட்டு எடுக்கப் பணம் உண்டு. இந்த அச்சுச் செலவை எழுத அதில் ஒரு தலைப்புகூட இல்லை.

சுண்ணாம்புச்சாந்து:

பாட்டி கேட்டது நியாயம். ஆனால் மரம் நடுவதை ஆய்வு மாணவன் தலையில் கட்ட முடியுமா? எங்கே போனாலும் "உன்னால எங்களுக்கு என்ன பிரயோசனம்" என்று கேட்கிறார்கள். பதில் இல்லையென்றால் போகவே கூடாது என்றால் பல விஷயங்கள் பதிவாகாமலே போய்விடும்.

அலைவாய்க்கரை:

மரம் நடச் சொல்லவில்லை அவர். முன்னால் வந்தவர்கள் சொன்னதைச் சொல் என்றார். அது நம் வேலைதான்.

வன்னிக்காரி:

நான் சிவில் எஞ்சினியரிங் முடித்து, புலமைப்பரிசிலில் வெளிநாட்டில் முதுமாணி செய்தனான். களம் கிளிநொச்சி. 2009 இல் போர் முடிந்த பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைபட்டுக் கிடந்த சனம், அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும் வரை கட்டங்கட்டமாகத்தான் ஊர் திரும்பினது. முதல் வீடு தறப்பாளும் தகரமும் கிடுகும். பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபா. வேலை முன்னேற முன்னேறத் தவணையாக வங்கியில் விழும், பயனாளியே நின்று கட்டவேணும். ஒப்பந்தக்காரனிட்டைக் கொடுக்கிறதைவிட இது நல்ல முறை என்று எங்கட துறை சொல்லும். நானும் அப்பிடித்தான் நினைக்கிறன், இப்பவும்.

வீடு எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கோ என்பது என்ர கேள்விக்கொத்து. ஒரு அக்கா, கணவர் இல்லை, பிள்ளைகள் சின்னன். "வீடு நல்லம், ஐந்து போடுங்கோ" என்றா. நான் எழும்பப் போக, உள்ளுக்குப் போய் ஒரு சி.ஆர். கொப்பியை, தடிச்ச மட்டைக் கணக்குக் கொப்பியை, கொண்டுவந்து விரிச்சா. மேசன் கூலி, மணல் லோட், சீமெந்துப் பை, அடகு வைத்த திகதி, வட்டி எல்லாம் அதில் இருந்தது. "என்ர சங்கிலியும் காப்பும் அந்தச் சுவருக்குள்ள கிடக்கு, தங்கச்சி. அதுக்கு எத்தனை போடுவீங்கள்?"

கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தால் விஷயம் விளங்கும். பக்கத்து வளவில் புருசனும் தம்பிமாரும் சேர்ந்து அத்திவாரம் வெட்டினவை, கல்லுச் சுமந்தவை. இவ ஒவ்வொரு கடகம் மண்ணுக்கும் கூலி குடுத்தவ. அதோட, ஒரு கட்டம் முடிஞ்சால்தான் அடுத்த தவணை. முடிக்கக் காசு வேணும், காசு வர முடிச்சிருக்க வேணும். அந்த இடைவெளியில்தான் நகை போனது. எல்லா வீடும் ஒரே நேரத்தில் எழும்பினதால் மேசன் கூலியும் மணல் விலையும் ஏறினது வேற. உதவித்தொகை எல்லாருக்கும் ஒன்று. கட்டி முடிக்கிற செலவு ஒன்றில்லை.

திருப்திக் கேள்விக்கொத்தை அப்பிடியே ஓரமாக வைத்துவிட்டு, பெண் தலைமைத்துவக் குடும்பங்களின்ர கணக்குக் கொப்பிகளைத் தேடத் தொடங்கினன். கேட்டால் கன பேரிட்டை இருந்தது. அதுவரை யாரும் கேட்கவில்லையாம்.

மலைக்கல்:

நேபாளம், நுவாகோட். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு வீடு கட்ட அரசு மூன்று லட்சம் நேபாள ரூபாயை மூன்று தவணையாகக் கொடுத்தது. பொறியாளர் வந்து பார்த்துச் சரி என்றால்தான் அடுத்த தவணை. ஒரு வீட்டில் புத்தம் புது ஒற்றை அறை, விதிப்படி எல்லாம் சரியாக, உள்ளே இரண்டு ஆடு. குடும்பம் பக்கத்தில் விரிசல் விட்ட பழைய கல் வீட்டில். ஏன் என்றேன். "அது அரசாங்கத்துக்குக் கட்டினது, இது எங்களுக்கு" என்று வீட்டுக்காரர் சிரித்தார். தானியம் எங்கே வைப்பது, அடுப்பு எங்கே, மகன் கல்யாணம் பண்ணினால் எங்கே படுப்பான் என்று அவர் அடுக்கியபோது என்னிடமிருந்த வரைபடத்தில் அதில் ஒன்றுக்கும் இடம் இல்லை.

முளிமூங்கில்:

குதுபலோங், வங்கதேசம். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் மியான்மரிலிருந்து தப்பி வந்து சேர்ந்த மலைச்சரிவு. நிரந்தரக் கட்டுமானப் பொருளுக்கு அனுமதி இல்லை, மூங்கிலும் தார்ப்பாயும்தான். மருந்து ஏற்றாத மூங்கிலை வண்டு துளைத்து மாவாக்கிவிடும், மண்ணுக்குள் இருக்கும் பகுதி மக்கிவிடும். அதனால்தான் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பதும், தூணாக நிற்கும் மூங்கில் கால் மண்ணைத் தொடாமல் கான்கிரீட் அடிப்பீடம் கொடுப்பதும். நான் போனது எந்தக் கால் எவ்வளவு நாள் தாங்குகிறது என்று எண்ண.

எண்ணிக்கையில் ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. பல குடில்களில் ஒரே ஒரு மூலைக்கால் மட்டும் மற்றதைவிட முன்னதாக அழுகியிருந்தது. சரிவு, வடிகால், மண் எதையும் காரணம் சொல்ல முடியவில்லை. ஆண்களிடம் கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். என்னோடு வந்த மொழிபெயர்ப்பாளப் பெண் ஒரு நாள் தனியாக உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். பொதுக் குளியலறைக்குப் போகப் பெண்களுக்குப் பயம், கூச்சம். உள்ளேயே ஒரு மூலையைத் தார்ப்பாயால் மறைத்துக் குளிக்கிறார்கள். தண்ணீர் அந்தக் காலடியில் இறங்குகிறது. "தூணை எண்ண வந்தவர் குளிக்கிற இடத்தை ஏன் கேட்கவில்லை என்று சிரிக்கிறார்கள்" என்றார் அவர்.

ஸ்ஃபியர் அளவு தலைக்கு 3.5 சதுர மீட்டர் கூரை நிழல். அதற்குள் யார் எங்கே குளிப்பது என்று எண் சொல்லாது. நாங்கள் எல்லாரும் மாலைக்குள் முகாமைவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்பதால் இரவில் அங்கே என்ன நடக்கிறது என்பதும் சொல்லக் கேட்டதுதான்.

புதியவள்:

அக்கா, அண்ணா, நன்றி. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் இருக்கும் இலங்கை அகதிகள் முகாமை ஆராய எனக்கு ஆசை. 2021-ல் தமிழக அரசு இலங்கைத் தமிழர் முகாம்களில் 7,469 வீடுகள் புதிதாகக் கட்டுவதாக அறிவித்ததே, பழைய பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்தவர்கள் புது வீட்டை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பணம் எங்கே தேடுவது?

அலைவாய்க்கரை:

நல்ல தலைப்பு. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு 2025-ல் மூடப்பட்டதிலிருந்து இந்தத் துறையில் பெரிய பணம் குறைவு. பல்கலைக்கழக உதவித்தொகையை முதலில் பாருங்கள். உள்ளூர் ஆய்வு என்பதால் சின்னத் தொகையே போதும். விண்ணப்பத்தில் திரும்பப் போய் முடிவைச் சொல்வதற்கு என்று ஒரு வரி பணம் கேளுங்கள், வெட்டினாலும் பரவாயில்லை.

வன்னிக்காரி:

முகாமுக்குள் போக மறுவாழ்வுத் துறை ஆணையரகத்திலும் கலெக்டர் ஒஃபிசிலும் அனுமதி எடுக்கவேணும், தங்கச்சி. கடிதம் கையில் வரும்வரை திகதி குறிக்காதேங்கோ. போனால் அங்க முதலில் என்ர ஊரைத்தான் கேப்பினம். கிளிநொச்சியில் ஆர் இருக்கினம், காணி இருக்கா, வீட்டுத்திட்டம் கிடைச்சதா என்று. அதுக்கு என்னட்டை விபரம் இருக்கு, போக முதல் கதையுங்கோ.