நெடுங்கேணிக் கல்லும் சித்திரை வெயிலும்

குளக்கட்டான்:
வன்னியில், நெடுங்கேணியில் எங்கள் வயலுக்கு அப்பால், தூர்ந்த குளத்தின் கட்டோரம் ஆளுயரக் கல் ஒன்று நிற்கிறது. சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள் மதியம் 12:10 அளவில் போய்ப் பார்த்தேன், துளி நிழல் இல்லை. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் ஜூன் 21ஐ ஒட்டிய சூரிய உதயத்துக்கு நேரே கற்களை நிறுத்தினார்கள். அயர்லாந்தின் நியூகிரேஞ்சில் டிசம்பர் உதயக் கதிர் வாசலுக்கு மேலுள்ள துவாரம் வழியே கல்லறைக்குள் போகிறது. எங்கள் முன்னோர் வருடப்பிறப்பைக் குறிக்கத்தான் இந்தக் கல்லை நட்டார்கள் என்று நம்புகிறேன்.

பாலைமரத்தடி:
தம்பி, அது அந்தக் கல்லுக்கு மட்டும் நடந்ததல்ல. நெடுங்கேணி ஏறத்தாழ வட அகலாங்கு 9 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வரும். அன்று வேலிக் கதியாலுக்கும் நிழல் இராது.

வருடப்பிறப்போடு அது பொருந்துவதும் நம் காலத்தில்தான். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணிக்கிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் அந்த ஆண்டு சுமார் 72 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் பருவத்தை விட்டு விலகுகிறது. சூரியன் மேட ராசியில் நுழைவதுதான் வருடப்பிறப்பு, 1,700 வருடங்களுக்கு முன் அது நடந்தது மார்ச் 21ஐ ஒட்டி. அன்று மதியம் உங்கள் கல்லுக்கு வடக்கே ஒரு சாண் நிழலாவது விழுந்திருக்கும். இறந்தவர்களுக்குப் பெரிய கற்களை நட்ட பெருங்கற்காலம் அதற்கும் முந்தியது.

குளக்கட்டான்:
சரி ஐயா, வருடப்பிறப்பை விட்டுவிடுகிறேன், அது என் பிழை. ஆனால் நம்மவர்களுக்கு நிழல் பார்க்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும்போது இரண்டு கோல் நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாயாத நண்பகல் பார்த்துத்தான் கயிறு பிடிக்கிறார்கள். கோல் நட்டவர்கள் கல்லும் நட்டிருக்கலாமே?

முறிகண்டியான்:
நானும் தம்பி பக்கம். கர்நாடகத்தில் நிலஸ்கல், பைசே ஊர்களின் நெடுங்கற்களை ஆய்வாளர்கள் அளந்தார்கள். சில கற்சோடிகள், சூரியன் வடகோடியையும் தென்கோடியையும் தொடும் நாட்களின் உதயத்தையும் மறைவையும் நோக்கி நிற்பதாகச் சொல்கிறார்கள்.

பாலைமரத்தடி:
நெடுநல்வாடைச் செய்தியை மறுக்கவில்லை, அது நம் பெருமை. ஆனால் அந்தக் கோல் திசை காண நட்டது, நாள் காண அல்ல. சோடிக் கணக்கிலும் கவனம் வேண்டும். 10 கல் இருந்தால் 45 சோடி வரும், ஏதாவது ஒன்று தற்செயலாகவும் உதயத்தைக் காட்டும். அப்புறம், தம்பியிடம் இருப்பது ஒரே ஒரு கல். அதற்குச் சோடி ஏது?

முதலில் கல்லைப் பாருங்கள். விளிம்பில் வரிசையாக உளிக்குழி இருந்தால் பாழடைந்த கட்டிடத்தின் தூணாக இருக்கலாம். வன்னிக் காட்டுக்குள் அப்படி எத்தனையோ கிடக்கின்றன. சுற்றிக் கறுப்பு சிவப்பு மட்பாண்ட ஓடுகள் கிடந்தால் அது வேறு கதை, அவை பெருங்கற்காலத்தைக் காட்டும் அடையாளம். யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் தோண்டியபோது வெளிப்பட்டது பெருங்கற்கால ஈமக்குழி.

குளக்கட்டான்:
உளிக்குழி எதுவும் கண்ணில் படவில்லை. அம்மா வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கல்லை வைரவர் என்று விளக்கு வைப்பவர், அடிப்பக்கம் முழுக்க எண்ணெய்ப் படிவு. உழும்போது உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஓட்டுத்துண்டுகள் வந்திருக்கின்றன, பழைய சட்டி என்று வரம்பில் எறிந்துவிட்டோம். விடிந்ததும் பொறுக்கிப் படம் எடுத்துப் போடுகிறேன். கல்லடியைக் கிண்ட மாட்டேன்.