பையன்களின் உடல் அசைவு பற்றி ஓர் உதவி

வணக்கம். பினாங்கில் ஒரு கல்லூரிக் காற்பந்துக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். போன வாரம் பையன்களுக்கு ஃபங்ஷனல் மூவ்மென்ட் ஸ்கிரீன் என்ற உடல் அசைவுச் சோதனை வைத்துப் பார்த்தோம். குந்துவது, தடையைத் தாண்டுவது என்று 7 அசைவுகள், மொத்தம் 21 புள்ளி.

இடது ஓரத்தில் ஆடும் எங்கள் விங்கர்தான் குழுவிலேயே வேகமான தம்பி. ஆனால் குதிகால் தூக்காமல் அவனால் முழுதாகக் குந்த முடியவில்லை. இரண்டு கால்களின் அசைவுக்கும் நிறைய வித்தியாசம் வேறு. வேகம் இருக்கிறதே என்று அதை அப்படியே விட எனக்கு மனமில்லை. போன பருவத்தில் இரண்டு பேர் முட்டி அடிபட்டு ஆட்டத்தையே விட்டார்கள்.

காயம் வராமல் தடுக்க ஃபிஃபா 11 பிளஸ் என்ற வார்ம் அப் 20 நிமிடம் செய்கிறோம். அதற்கு அப்புறம், குதிகாலைத் தூக்க வைக்கும் அவனுடைய கணுக்கால் இறுக்கத்துக்கு என்ன சேர்க்கலாம்? பட்டர்வொர்த், பாயான் லெப்பாஸ் பக்கம் பிசியோ அண்ணன், அக்கா யாராவது ஒரு சனிக்கிழமை மாலை திடலுக்கு வர முடியுமா?