தைராய்டு மாத்திரை நாலு வருடமாகப் போடுகிறேன், எடை மட்டும் ஏறுகிறது

பாலாற்றங்கரை
எனக்கு 41 வயது. காட்பாடிப் பக்கம் வீடு, ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. நாலு வருடத்துக்கு முன்னால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள், இப்போது 75 மைக்ரோகிராம் போடுகிறேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. ஆனால் அப்போது 62 கிலோ இருந்த நான் இன்றைக்கு 76. போன வருடம் டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை எண், கூடினால் சுரப்பு போதவில்லை என்று அர்த்தமாம்) 3.1 இருந்தது, போன மாதம் 6.8 வந்திருக்கிறது. டாக்டரிடம் கேட்டேன், சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "சாப்பாட்டைக் குறைங்க" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. காலையில் மூன்று இட்லி, மதியம் டப்பா சாதம், ராத்திரி இரண்டு சப்பாத்தி. இதில் எதைக் குறைப்பது? ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பெரியம்மா முறை ஒருவர் எல்லார் முன்னாலும் "இன்னாடி இப்படி ஊதிட்டே" என்று கேட்டார், பந்தியில் உட்காராமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். மாத்திரை போட்டும் உடம்பு குறையாதது தைராய்டின் வேலையா, என் தப்பா?

கோட்டை நடை
தங்கச்சி, கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தைராய்டு குறைந்ததால் மட்டும் ஏறுகிற எடை பெரும்பாலும் இரண்டு கிலோவிலிருந்து நாலு, நாலரை கிலோதான். அதிலும் பாதிக்கு மேல் உடம்பு பிடித்து வைக்கிற உப்பும் தண்ணீரும், கொழுப்பு இல்லை. நீங்கள் சொல்வது 14 கிலோ. மீதிப் பத்து கிலோ எங்கிருந்து வந்தது? சாப்பாடு, உட்கார்ந்தே வேலை, கொஞ்சம் சோம்பல். என் மனைவிக்கும் இதே வியாதி, இதே மாத்திரை. தினமும் விடிகாலையில் வேலூர் கோட்டை அகழியை ஒட்டி நடக்க என்னோடு வருகிறாள், சாதத்தைப் பாதியாக்கினாள், ஒரு வருடத்தில் 11 கிலோ குறைந்தாள். எதற்கெடுத்தாலும் தைராய்டு என்று சொல்லிக்கொண்டிருந்தால் எடை ஒரு நாளும் இறங்காது.

குடியாத்தம் மருமகள்
சார், சோம்பல் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! எனக்குக் கண்டுபிடிப்பதற்கு முந்தின வருடம் அக்னி நட்சத்திரத்தில், வேலூர் வெயிலில், ஊரே வாசலில் பாயைப் போட்டுப் படுத்திருக்கும்போது நான் உள்ளே போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். மாமியார் பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்க அழைத்துப் போனார். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, மலச்சிக்கல், மாதவிலக்கு பத்து நாள், குடத்தைத் தூக்கினால் கை வலி. ஆறு மாதம் எல்லாரும் சோம்பேறி என்றார்கள், நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தேன். ரத்தம் கொடுத்துப் பார்த்தால் டிஎஸ்எச் 58. உடம்பில் எரிகிற அடுப்பையே யாரோ தணித்து வைத்துவிட்டால் அதில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து எழுந்து ஓடு என்றால் எப்படி? உங்கள் மனைவிக்கு முடிந்தது சந்தோஷம். அவருக்கு எத்தனையில் கண்டுபிடித்தார்கள், எத்தனை வயது, வீட்டில் யார் சமைத்தார்கள், அதெல்லாம் எழுதாமல் ஒரு ஆளை வைத்து எல்லாரையும் அளக்காதீர்கள்.

கோட்டை நடை
நான் வியாதி இல்லை என்று சொல்லவில்லை அம்மா. மாத்திரை போட்டு எண் சரியான பிறகும் தைராய்டு மேலேயே பழியைப் போடுவதைத்தான் சொல்கிறேன். 58 வேறு, 3 வேறு.

ஜவ்வாது மலையடிவாரம்
இங்கிலீஷ் மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசு முழுக்க விட முடியாது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இரண்டையும் அடியோடு நிறுத்துங்கள், அயோடின் கூடுதலாகச் சேருங்கள், சாதத்தை விட்டு மூன்று வேளையும் கேழ்வரகுக் களி சாப்பிடுங்கள். எங்கள் பாட்டிமார் யாருக்கு தைராய்டு இருந்தது?

ஆற்காடு மருந்துக்கடை
இருபது வருடமாக இந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜவ்வாது மலை அண்ணனுக்கு. பாட்டிகளுக்கும் இருந்தது, ரத்தம் பார்க்க வழிதான் இல்லை. 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சென்னையையும் சேர்த்து நம் நாட்டின் எட்டு நகரங்களில் பார்த்தார்கள், பெரியவர்களில் நூற்றுக்குப் பதினோரு பேர் அளவுக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அயோடின் உப்பு பரவிய இந்தக் காலத்தில் பெரும்பாலோருக்கு வருவது அயோடின் பற்றாக்குறையால் இல்லை, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால். அவர்களுக்கு அளவுக்கு மேல் அயோடின் கொடுத்தால் சிலருக்கு இன்னும் மோசமாகும். வேகவைத்த முட்டைக்கோஸ் கூட்டு வாரம் ஒன்றிரண்டு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. களி நல்ல சாப்பாடுதான், ஆனால் நூறு கிராம் கேழ்வரகு மாவும் நூறு கிராம் அரிசியும் கலோரியில் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டு உருண்டை களி போட்டால் எடை இறங்காது. மாத்திரையை நிறுத்தச் சொல்வது மட்டும் வேண்டாம் அண்ணா, கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இனி பாலாற்றங்கரை அக்காவுக்கு. மாத்திரை விடவில்லை, ஆனாலும் 3.1 இருந்தது 6.8 ஆகியிருக்கிறது. அப்படியென்றால் மாத்திரை உள்ளே போகிறது, ரத்தத்தில் சேரவில்லை என்பதுதான் எனக்கு முதலில் வரும் சந்தேகம். காலையில் எத்தனை மணிக்கு, எதோடு போடுகிறீர்கள்? இந்த ஒரு வருடத்தில் புதிதாக வேறு மாத்திரை ஏதாவது சேர்ந்ததா?

பாலாற்றங்கரை
கம்பெனி பஸ் 6.40-க்கு வந்துவிடும். நாலரைக்கு எழுந்து சமைத்து, ஐந்தரைக்கு டீ குடிக்கும்போது போட்டுக்கொள்வேன். ரத்தம் கம்மி என்று எட்டு மாதமாக இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அதையும் அப்போதே சேர்த்துப் போட்டுவிடுவேன், மறந்துவிடக் கூடாது என்று.

ஆற்காடு மருந்துக்கடை
இதுதான் அக்கா. இரும்பும் கால்சியமும் குடலில் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் ஏற விடாது. அவற்றுக்கும் இதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீ, காபிக்கும் முன்னால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். நாலரைக்கு எழுந்ததும் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை மட்டும், இரும்பை மதியத்துக்குத் தள்ளுங்கள், டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இந்த மருந்தில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால் இன்றைக்கு மாற்றினால் அடுத்த வாரமே ரத்தம் கொடுத்துப் பயன் இல்லை, ஆறிலிருந்து எட்டு வாரம் போகட்டும். முடிக்காக பயோட்டின் மாத்திரை ஏதாவது போட்டால் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள், எண்ணையே தப்பாகக் காட்டும். எனக்கு வருத்தம் என்னவென்றால், சீட்டு எழுதுகிறவரோ கொடுக்கிறவரோ இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

ராணிப்பேட்டை_பிஞ்சி
சுற்றி வளைப்பானேன், டோஸை ஏற்றினால் முடிந்தது. கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கு இருக்கிறது, 76 கிலோவுக்கு 120 வருகிறது, அக்கா போடுவது 75. நான் 100-ஐ நானே 150 ஆக்கினேன், இரண்டு மாதத்தில் மூன்று கிலோ போச்சு.

ஆற்காடு மருந்துக்கடை
தம்பி, தயவுசெய்து இதை இங்கே யாருக்கும் சொல்லாதே. அந்தக் கணக்கு சுரப்பியை முழுக்க எடுத்துவிட்டவர்களுக்கு, அல்லது அது அறவே நின்றுபோனவர்களுக்கு. கொஞ்சம் சுரக்கிறவர்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. அளவு மீறினால் இதயம் படபடக்கும், துடிப்பு தாறுமாறாகும், நாளாக நாளாக எலும்பு தேயும், நீ இறக்கிய மூன்று கிலோவில் சதையும் போயிருக்கும். 1891-ல் இங்கிலாந்தில் ஒரு டாக்டர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு, கை கால் வீங்கிக் கிடந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றினார், அந்த அம்மா அதன் பிறகு 28 வருடம் உயிரோடு இருந்தார். அதைப் பார்த்ததும் மெலிவதற்கும் இதையே விழுங்க ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்காவில் இந்த மாத்திரையோடு வரும் தாளில் எடை குறைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று பல வருடம் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டார்கள். உன் டிஎஸ்எச் இப்போது என்ன, பார்த்தாயா?

ராணிப்பேட்டை_பிஞ்சி
பார்க்கவில்லை. ராத்திரியில் தூக்கம் வருவதில்லை, அது இதனாலா?

ஆற்காடு மருந்துக்கடை
இருக்கலாம். நாளைக்கே டாக்டரிடம் போய் 150 போட்டதை மறைக்காமல் சொல்.

கோட்டை நடை
மருந்துக்கடைக்காரர் சொன்னதை ஏற்கிறேன், நேரம் தப்பாக இருந்திருக்கிறது. ஆனால் தங்கச்சிக்கு ஆசை காட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். 6.8 நாளைக்கே 2 ஆனாலும் 14 கிலோவும் கரைந்து போகாது, இரண்டு மூன்று கிலோ இறங்கினால் பெரிது. மீதிக்குக் கணக்கு போட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு கேள்வி, கம்பெனியிலும் வீட்டிலும் சேர்த்து ஒரு நாளைக்கு எத்தனை டீ?

பாலாற்றங்கரை
ஐந்து. கம்பெனி டீயில் சர்க்கரை அவர்களே போட்டுவிடுவார்கள்.

கோட்டை நடை
டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து ஸ்பூன் சர்க்கரை, நாற்பது கிராமுக்குக் குறையாது, சர்க்கரை மட்டும் 160 கலோரி, பால் தனி. வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். நான் சாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், டீயை முதலில் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் நடை. அரை மணி நேரம் போதும்.

பாலாற்றங்கரை
அண்ணா, அரை மணி எங்கே இருக்கிறது? பஸ் இறக்கிவிடும்போது ராத்திரி ஏழு. தெருவிளக்கு பாதி எரியாது, நாய்த் தொல்லை வேறு, தனியாக எங்கே நடப்பது? கோட்டைக்கு வர ஒரு பஸ், திரும்ப ஒரு பஸ். கம்பெனியில் பாத்ரூம் போகக்கூட சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். எட்டு மணி நேரம் மெஷினில் கால் மட்டும் ஆடும். நீங்கள் சொல்கிற நடை, உங்களைப் போல் காலை நேரம் கையில் இருக்கிறவர்களுக்கு.

குடியாத்தம் மருமகள்
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அக்கா, நடக்க முடியாவிட்டால் வீட்டுக்குள்ளேயே செய்யலாம், நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது, பத்து முறை, கொஞ்சம் விட்டு மறுபடி பத்து. தண்ணீர் நிரப்பின இரண்டு பாட்டிலைக் கையில் வைத்துத் தூக்குவது. நாற்பதைத் தாண்டினால் சதை தானாகக் கரைகிறது, தைராய்டு குறைந்தால் அது இன்னும் தளர்ந்துபோகிறது. வெறுமனே சாப்பாட்டைக் குறைத்தால் கொழுப்போடு இருக்கிற சதையும் போய்விடும். உங்கள் சாப்பாட்டைப் பாருங்கள், இட்லி, சாதம், சப்பாத்தி, எல்லாம் மாவுதான், பருப்பும் முட்டையும் எங்கே? காலையில் ஒரு இட்லியை எடுத்துவிட்டு ஒரு முட்டை, சாயங்காலம் பஸ்ஸில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். இலவம்பாடி கத்தரிக்காயைப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள், எண்ணெய் குறையும். எனக்கு ஒன்றரை வருடத்தில் 7 கிலோதான் குறைந்தது. ஆனால் மே மாதத்தில் போர்வை தேவைப்படவில்லை, குடத்தை இடுப்பில் வைத்துப் படி ஏறுகிறேன். கோட்டை சார் 11 கிலோவை வைத்து 7 கிலோக்காரியைத் தோற்றவள் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கோட்டை நடை
தோற்றவள் என்று நான் சொல்லவே இல்லை. மனைவியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். மாத்திரை நேரத்தைச் சரிசெய்தபோதே முகத்து உப்பல் வடிந்து மூன்று கிலோ போனது, நடையை அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் ஆரம்பித்தேன் என்கிறாள். எனக்கு அந்த வரிசை மறந்துபோயிருந்தது. சோம்பல் என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சர்க்கரைக் கணக்கை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பாலாற்றங்கரை
சரி அண்ணா, சர்க்கரையில் நீங்கள் சொன்னது நியாயம். கம்பெனி டீ வேண்டாம் என்று இன்றைக்குச் சொல்லிவிட்டேன், வீட்டு டீ இரண்டு மட்டும், ஒரு ஸ்பூன். தைராய்டு மாத்திரை டப்பாவும் தண்ணீர்ச் சொம்பும் தலைமாட்டில் இருக்கிறது, அலாரம் அடித்ததும் போட்டுக்கொள்கிறேன். டாக்டரிடம் போன் செய்து கேட்டுவிட்டு இரும்பு மாத்திரையை மதியச் சாப்பாட்டு டப்பாவோடு கட்டிவிட்டேன். பெண் என்னோடு சேர்ந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறாள், எண்ணிக்கை அவள்தான் சொல்கிறாள், நேற்று எட்டோடு மூச்சு வாங்கியது. ஆறு வாரம் முடிந்ததும் ரத்தம் கொடுத்துவிட்டு எண்ணை இங்கேயே போடுகிறேன். ராணிப்பேட்டைத் தம்பி, நீ டாக்டரைப் பார்த்தாயா இல்லையா, அதை முதலில் எழுது.