அம்மாவோட உக்காந்து பாக்குற மாதிரி, கதை முடியுற சீரிஸ் ஏதாவது சொல்லுங்க

தூக்கக்கலக்கம்:
வணக்கம் மக்களே. ராத்திரி எல்லா வேலையும் முடிச்சு டிவி முன்னாடி உக்காந்தா ஒரு மணி நேரம்தான் கெடைக்குது, அதுல பாதி எதப் பாக்கலாம்னு ரிமோட்ட அமுக்கிக்கிட்டே போயிடுது, மீதி பாதியில நான் தூங்கிடறேன். கூட பாக்குறது அம்மா. அவங்களுக்கு சப்டைட்டில் சரிப்படாது, ஒரு வரி படிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த ரெண்டு வரி ஓடிடுது. புதுசா ஒரு முகம் வந்துடக்கூடாது, "இவன் யாரு, அந்தப் பொண்ணோட அண்ணனா?"ன்னு கேப்பாங்க. எனக்கு எப்படிம்மா தெரியும், இப்பதானே உள்ள வந்தான்!

எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்களேன்னு டார்க்னு ஒரு ஜெர்மன் சீரிஸ் போட்டேன். மூணு சீசன், 26 எபிசோட், ஒரே ஆளு வேற வேற வயசுல வேற வேற முகத்தோட வர்ற கதை. எங்கம்மாவுக்கு அதப் போட்டது என் தப்புதான். ரெண்டாவது எபிசோட்லயே எந்திரிச்சுப் போயிட்டாங்க. எனக்குப் புடிச்சிருந்தது, தனியா பாத்துக்கறேன்.

தமிழ்ல, எட்டு எபிசோடுக்குள்ள, அந்தரத்துல விடாம கதை முடியுற மாதிரி வேணும். இன்னொண்ணு, பேசுறது காதுலயே விழ மாட்டேங்குது, சவுண்ட கூட்டினா அடுத்த சீன்ல சண்டை வந்து வீடே அதிருது. இது எங்க டிவியில மட்டுமா?

ரிமோட்ராணி:
கண்ண மூடிக்கிட்டு அயலி போடுங்க. 2023ல வந்தது, எட்டு எபிசோட். 1990கள்ல ஒரு கிராமம், பொண்ணு வயசுக்கு வந்துட்டா படிப்ப நிறுத்தி கல்யாணம் பண்ணி வெச்சுடுவாங்க. டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசப்படுற தமிழ்ச்செல்வி தான் வயசுக்கு வந்ததையே மறைக்கிறா, அவ்ளோதான் கதை, ஆனா இத வெச்சுக்கிட்டு சிரிக்கவும் வெக்கிறாங்க, நெஞ்சப் பிசையவும் வெக்கிறாங்க. அம்மாவா வர்ற அனுமோளத்தான் பாக்கணும். மகளுக்குத் தெரிஞ்ச ரகசியம் அம்மாவுக்கும் தெரிஞ்சதுக்கப்புறம் அந்த முகத்துல வர்ற பயம் இருக்கே, அதுக்கு டயலாக்கே தேவையில்ல. உங்கம்மா கேள்வி கேக்க மாட்டாங்க, அவங்களே உங்களுக்குக் கதை சொல்லுவாங்க பாருங்க.

எட்டாம்எபிசோட்:
அயலி நல்லாத்தான் இருக்கும், ஆனா அங்கங்க மேடையில பேசுற மாதிரி கருத்து சொல்றாங்க, எனக்கு அது கொஞ்சம் ஒட்டல. என் ஓட்டு விலங்குக்கு. 2022, ஏழே எபிசோட், விமல் எஸ்ஐ. அந்த ஸ்டேஷன்ல ஆளுங்க பேசிக்கிறது, ஒருத்தர ஒருத்தர் கலாய்க்கிறது எல்லாம் நடிக்கிற மாதிரியே இல்ல, நாம பெஞ்சுல ஓரமா உக்காந்து பாக்குற மாதிரி இருக்கும். கேஸுக்கு நடுவுல விமலுக்கு வீட்டுக் கவலை வேற. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், கெட்ட வார்த்தையும் ரத்தமும் உண்டு, அம்மாவப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நெளியாதீங்க.

சுழலும் பாக்கலாம். மயானக்கொள்ளைத் திருவிழாவும் கேஸும் பின்னிப் பின்னிப் போகும். 2025ல ரெண்டாவது சீசன் வந்துருச்சு, ஆனா முதல் சீசன்ல எடுத்த கேஸுக்கு அந்த எட்டு எபிசோடுக்குள்ளயே பதில் கெடைச்சிடும்.

ரிமோட்ராணி:
@எட்டாம்எபிசோட் அந்த ஊர்ல எதிர்த்துப் பேசினாலே மேடைப்பேச்சாத்தான் தெரியும் ப்ரோ, அவ்ளோ வருஷமா யாரும் வாயே திறக்கலையே! சரி விடுங்க. ஆனா சுழல இவங்களுக்கு சொல்லாதீங்க, ஒவ்வொரு எபிசோடுக்கும் சந்தேகப்பட ஒரு புது ஆளு வருவான். "இவன் யாரு"ன்னு கேட்டுக் கேட்டே விடிஞ்சிடும்.

நடுவுலகொஞ்சம்:
வதந்திய யாருமே சொல்லலையா. எஸ்.ஜே.சூர்யா கத்தாம அடக்கி நடிச்சிருக்காரு, அதுக்காகவே பாக்கலாம். வெலோனின்னு ஒரு பொண்ணு, செத்துப் போயிட்டா, அவளப் பத்தி ஒவ்வொருத்தன் வாயும் ஒவ்வொண்ணு சொல்லுது. எட்டு எபிசோட். நடுவுல மூணு எபிசோட் இழுவைதான், மறைக்க விரும்பல, ஆனா முடிவு வரைக்கும் போனா அந்தப் பேரு ஏன் வெச்சாங்கன்னு புரியும்.

ஒலிபெருக்கி:
சவுண்டு மேட்டருக்கு வரேன். உங்க டிவி மட்டும் இல்ல, எல்லா வீட்லயும் இதே கததான். இப்ப வர்ற படம், சீரிஸ்லாம் நிறைய 5.1ல, அதாவது ஆறு ஸ்பீக்கருக்குத் தனித்தனியா, மிக்ஸ் பண்றாங்க, அதுல பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குன்னு தனியாப் போகும். நம்ம டிவியில இருக்குறது ரெண்டு ஸ்பீக்கர், அதுவும் பின்னாடியோ கீழயோ பாத்துக்கிட்டு இருக்கும். ஆறு சேனல ரெண்டுக்குள்ள அமுக்கும்போது பேச்சு மியூசிக்குக்கு அடியில போய் மாட்டிக்குது. படம் ஓடும்போது ஆடியோ மெனுவுல போய்ப் பாருங்க, தமிழ்னு ஒண்ணும் தமிழ் 5.1னு ஒண்ணும் இருந்தா 5.1 இல்லாதத எடுங்க. டிவி சவுண்ட் செட்டிங்ஸ்ல பேச்சத் தெளிவாக்குற மோடு, நைட் மோடு மாதிரி ஏதாவது இருந்தா அதையும் போட்டுப் பாருங்க, நைட் மோடு பெரிய சத்தத்தக் கொஞ்சம் அடக்கும்.

கையோட இன்னொரு வேலை. படமெல்லாம் பெரும்பாலும் நொடிக்கு 24 ஃப்ரேம்ல எடுக்குறது. டிவி தன் இஷ்டத்துக்கு நடுவுல புது ஃப்ரேம உண்டாக்கி சொருகும், அதான் கோடி கோடியா செலவு பண்ணி எடுத்த படம்கூட மத்தியான சீரியல் மாதிரி வழவழன்னு தெரியுது. மோஷன்னு பேர்ல எது இருந்தாலும் ஆஃப் பண்ணுங்க. நான் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா ரிமோட்ட வாங்கி முதல்ல இதத்தான் பண்ணுவேன், ஒருத்தரும் இதுவரைக்கும் நன்றி சொன்னதில்ல.

இடைவேளை:
எதுக்கு சீரிஸ், படத்தையே ரெண்டா பிரிச்சுப் பாக்கலாமே? சார்பட்டா பரம்பரை 2021ல நேரா ஓடிடிக்குத்தான் வந்தது, கிட்டத்தட்ட மூணு மணி நேரம், நாங்க ரெண்டு நாளாப் பாத்தோம். முதல் நாள் டான்சிங் ரோஸ்ங்கற பாக்ஸரோட சண்டை வரைக்கும் பாத்துட்டு நிறுத்திட்டோம், அந்தாளு ஆடுன ஆட்டத்தப் பத்தி மறுநாள் ராத்திரி வரைக்கும் வீட்ல பேச்சு. மெதுவாப் போனாலும் பரவால்லன்னா கடைசி விவசாயி. அந்தப் பெரியவர் கோர்ட்ல நின்னு பேசுற இடத்துல நான் சிரிச்சுக்கிட்டே அழுதேன். டப்பிங் ஓகேன்னா மின்னல் முரளி, மலையாள சூப்பர்ஹீரோ படம், தமிழ்லயும் இருக்கு, உங்கம்மா வில்லன் பக்கம் சாஞ்சிடுவாங்க, பாருங்க.

உங்களுக்கு மட்டும்னா செர்னோபில், அணு உலை விபத்தப் பத்தின இங்கிலீஷ் சீரிஸ். அஞ்சே எபிசோட். தூங்க மாட்டீங்க, கேரண்டி.

தூக்கக்கலக்கம்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். 5.1 மாத்தினதும் பேச்சு நல்லாவே கேக்குது, @ஒலிபெருக்கி உங்களுக்கு முதல் நன்றி நான் சொல்றேன், வெச்சுக்கோங்க.

அயலி போட்டோம். மூணு நாள்ல மூணு எபிசோட், நான் வழக்கம்போல மூணாவதுல தூங்கிட்டேன். நேத்து நாலாவது போடலாம்னு பாத்தா அது ஓடி முடிஞ்சு அஞ்சாவதுல பாதியில நிக்குது. அம்மாவக் கேட்டா, "நீதான் தூங்கிட்டியே, அந்தப் பிள்ளைக்கு என்னாச்சுன்னு தெரியாம நான் எப்படித் தூங்குறது"ங்கறாங்க. சரின்னு அஞ்சாவதுலயே அவங்களோட உக்காந்தேன். ஒருத்தர் உள்ள வந்தாரு, இவரு யாரும்மான்னு கேட்டேன்.

"பேசாம பாரு"ன்னுட்டாங்க.