காலேஜ் கண்டிஷனிங் கோச் ஆகணும், வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கங்க. மன்னார்குடி பக்கம் ஒரு காலேஜ்ல கபடி பசங்களுக்கு ஸ்ட்ரென்த் ட்ரெய்னிங் குடுக்குறேன். உடற்கல்வியில எம்.பி.எட். முடிச்சிருக்கேன். இருக்குறது ஒரே பார்பெல். மத்ததுக்கு யூரியா சாக்குல ஆத்து மணல் ரொப்பித் தோள்ல ஏத்தி ஸ்குவாட் போட விடுறேன். போன வருஷம் தொடை பின்னாடி இழுத்துக்கிட்டு மூணு பேர் உக்காந்துட்டானுங்க. அப்புறம்தான் நார்டிக் கர்ல் ஆரம்பிச்சேன்: முட்டி போட்டவன் கணுக்காலை இன்னொருத்தன் அமுக்கிக்க, மெல்ல முன்னால சாயணும். இந்த வருஷம் ஒருத்தனும் உக்காரல.

அமெரிக்காவுல என்.எஸ்.சி.ஏ.ங்கிற ஸ்ட்ரென்த் கோச்சுங்க சங்கம் நடத்துற சி.எஸ்.சி.எஸ்.ங்கிற கோச் சான்றிதழ் பரீட்சை எழுதலாம்னு இருக்கேன். அதுக்கு டிகிரியோட சி.பி.ஆர். (இதயம் நின்னா நெஞ்சை அமுக்கிக் காப்பாத்துற முதலுதவி) சான்றிதழும் வேணும். தஞ்சாவூர், திருச்சியில அதை நேர்ல எங்க சொல்லித் தர்றாங்க? இல்ல, நம்ம ஊர் வேலைக்குப் பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) குடுக்குற கோச்சிங் டிப்ளமோதான் எடுபடுமா? பரீட்சை எழுதினவங்ககிட்ட பழைய புத்தகம் இருந்தா விலைக்கு வாங்கிக்கிறேன்.